மார்த்தாண்ட வர்மாவைத் தருவைகுளத்துக்குக் கொண்டுவருவோம்

தென்னிந்தியாவில் ஊமைப்படக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கதைப்படங்கள் எடுக்கப்பட்டன. இன்று திரையில் ஓட்டிப் பார்க்கக்கூடிய அளவில் அவற்றில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: ‘மார்த்தாண்ட வர்மா’. எடுத்தவர் நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ். இயக்கியவர் பி. வி. ராவ். சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மலையாள நாவல்தான் கதை. திருவிதாங்கூர் அரியணைக்கு உரிய இளவரசர், எட்டுவீட்டில் பிள்ளைமாரின் சதிக்குத் தப்பி, மாறுவேடத்தில் அலைந்து, கடைசியில் பட்டத்துக்கு வரும் சரித்திரக் கதை அது. நாவலில் வரும் பத்மநாபபுரம் அரண்மனை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் தருவைகுளத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் அதைப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் ஊர் திரும்பிவிடலாம். நம் கையில் மிச்சமிருக்கும் ஒரே ஊமைப்படம் அவ்வளவு பக்கத்து மண்ணின் கதை.

அந்தப் படம் பிழைத்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெளியான ஆண்டை 1931 என்பாரும் உண்டு, 1933 என்பாரும் உண்டு. திருவனந்தபுரத்தில் கேப்பிடல் தியேட்டரில் திரையிட்டார்கள். நாவலின் வெளியீட்டு உரிமை கமலாலயம் புத்தக டிப்போவிடம் இருந்தது. அனுமதி பெறாமல் படம் எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பதிப்பகம் வழக்குப் போட்டது. தீர்ப்பு பதிப்பகத்தின் பக்கம் வந்தது. சில நாட்களே ஓடிய படத்தை நிறுத்தி, சுருள்களைப் பதிப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கைப்பொருளைப் போட்டுப் படமெடுத்த சுந்தர்ராஜுக்கு அது பேரிடி.

ஆனால் அந்தப் பறிமுதல்தான் படத்தைக் காப்பாற்றியது. அன்றைய படச்சுருள் நைட்ரேட் அடிப்பொருளால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. தீக்குத் தப்பிய சுருளைக் காற்றின் ஈரம் அரித்துவிடும். ஓடி முடித்த சுருள்களைப் படமுதலாளிகளே எடைக்குப் போட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கழுவி, ஒட்டியிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 ஊமைப்படங்களில் இன்று முப்பதுகூட மிஞ்சவில்லை; மிஞ்சியவற்றிலும் பல வெறும் துண்டுகள். ‘மார்த்தாண்ட வர்மா’ ஊர் ஊராகச் சுற்றித் தேயவில்லை, வெள்ளிக்காக உருகவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் பதிப்பகத்தின் வசமே கிடந்தது. 1974-ல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்து மீட்டது. அந்தக் காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி. கே. நாயர் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஒரு சுருளுக்காக எந்த ஊருக்கும் போய் எந்தக் கதவையும் தட்டக்கூடிய மனிதர் அவர்.

மார்த்தாண்ட வர்மாவுக்கும் இந்தக் கடற்கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்துக்குளிப்பின் வருமானமும் சங்கு வியாபாரமும் அவர்கள் கைக்குப் போயின. பனிமய மாதா கோவிலைச் சுற்றி வாழ்ந்த பரதவர் பல தலைமுறைகள் அந்த ஆட்சிக்குக் கீழ் இருந்தார்கள். அதே டச்சுக் கம்பெனியின் படையைத்தான் 1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். டச்சுத் தளபதி டி லனாய் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவிக்கும் தளபதியாகவே ஆனார். நாவலும் படமும் குளச்சல் போருக்கு முந்தைய இளமைக் காலத்தைச் சொல்கின்றன. இருந்தாலும் திரையில் ஓடி ஒளியும் அந்த இளைஞன் பின்னாளில் யாரை வென்றான் என்பது தூத்துக்குடியில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தனிச் செய்தி.

இந்தப் படத்தை நேரடி வாத்திய இசையோடு தருவைகுளத்தில் திரையிட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏன் இசை, ஏன் இந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பேச்சு இல்லாத படங்களை நம் முன்னோர் ஒருநாளும் நிசப்தத்தில் பார்க்கவில்லை. 1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். இலங்கையில் படம் காட்டிவிட்டு வந்த டூபாண்ட் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்த நேரம் அது. அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம். வின்சென்ட் வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வடக்கே பெஷாவர் வரைக்கும் போனார். கோயம்புத்தூரில் 1914-ல் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர்தான்.

1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். அந்நாளில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே நடமாடிய படக்காரர்களுக்குத் தூத்துக்குடித் துறைமுகம் இயல்பான வாசல். இயேசுவின் பாடுகளைத் திரையில் காட்டும் ஒரு படத்துக்கு இந்தக் கடற்கரையைவிட ஆர்வமான கூட்டம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். வாசகப்பா, பாஸ்கா என்னும் கிறிஸ்தவ நாடகங்கள் விடிய விடிய நடந்த கரை இது.

அந்தக் கூடாரங்களில் எழுந்த சத்தத்தைத் தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் இருக்கும். எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்று கதை சொல்வார். பாத்திரங்களின் வசனத்தையும் அவரே ஏற்ற இறக்கத்தோடு பேசுவார். வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கும். சுருள் மாற்றும் இடைவெளியில் ஒரு நடனமோ குத்துச்சண்டையோ நடக்கும். படம் எங்கேயோ எடுத்ததாக இருக்கலாம், பம்பாயிலோ பாரிஸிலோ. சத்தம் மட்டும் எந்த ஊரில் படம் ஓடியதோ அந்த ஊருடையது. ஒரே படம் கோயம்புத்தூரில் ஒரு மாதிரியும் திருநெல்வேலியில் ஒரு மாதிரியும் கேட்டிருக்கும். வாசிப்பவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து வாசித்தார். அழுகிற இடத்தில் கூட்டம் அழவில்லை என்றால் மறுநாள் ராகத்தை மாற்றியிருப்பார்.

1931 அக்டோபர் 31-ல் ‘காளிதாஸ்’ வெளியாகிப் பேசும்படம் வந்தபிறகு அந்தக் கலைஞர்களுக்குத் தியேட்டரில் வேலை இல்லாமல் போனது. சிலர் ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள், சிலர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரும்பினார்கள். அவர்கள் எதை எப்படி வாசித்தார்கள் என்பதற்கு ஒரு ஒலிப்பதிவும் மிஞ்சவில்லை. படச்சுருள் அழிந்ததைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசுகிறோம். இந்த இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐரோப்பியர்கள் இந்த இரண்டாவது இழப்பை முன்பே உணர்ந்துகொண்டார்கள். ஆபெல் கான்ஸ் எடுத்த ‘நெப்போலியன்’ 1927 ஏப்ரல் 7-ல் பாரிஸ் ஒபேராவில் ஆர்தர் ஒனெகரின் இசையோடு திரையிடப்பட்டது. உச்சக் காட்சிகளில் மூன்று திரைகளை அடுத்தடுத்து வைத்துப் படத்தை விரித்துக் காட்டினார் கான்ஸ். வியாபாரிகள் அந்தப் படத்தை வெட்டினார்கள்; நாட்டுக்கு நாடு வேறு வேறு விதமாக வெட்டினார்கள். கடைசியில் எது முழுப்படம் என்றே தெரியாமல் போனது. கெவின் பிரவுன்லோ என்ற ஆங்கிலேயர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, வீட்டில் போட்டுப் பார்க்கும் 9.5 மில்லிமீட்டர் சுருள்களில் அதன் ஒரு பகுதியைப் பார்த்தார். அன்று தொடங்கிய தேடலில் அவர் ஆயுளின் பெரும்பகுதி போனது. ஆவணக் காப்பகம் காப்பகமாகத் துண்டுகளைச் சேர்த்தார். 1979-ல் அமெரிக்காவின் டெல்லுரைடு திரைப்பட விழாவில், குளிரான இரவில், திறந்தவெளித் திரையில் மீட்ட படத்தைப் போட்டார்கள். 89 வயதான கான்ஸ் தன் ஓட்டல் அறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டனில் கார்ல் டேவிஸ் இசையமைத்து, பெரிய வாத்தியக் குழுவை நேரில் நடத்தி, ஏறத்தாழ ஐந்து மணி நேரப் படத்துக்கு உயிர் கொடுத்தார். பீத்தோவனின் எரோய்க்கா சிம்பொனியை அவர் அதில் கையாண்டார். நெப்போலியனை மனதில் வைத்துப் பிறந்த இசை அது. 1981 நவம்பரில் கான்ஸ் இறந்தார். தன் படம் உயிரோடு திரும்பி வந்ததைத் தெரிந்துகொண்டு போனார்.

அதோடு வேலை முடியவில்லை. பிரெஞ்சு சினமாதெக் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஏழு மணி நேரப் பதிப்பு ஒன்றை மீட்டது. 2024 ஜூலையில் பாரிஸுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு வானொலியின் இசைக் குழுக்கள் நேரில் வாசிக்க, இரண்டு மாலைகளில் அதைத் திரையிட்டார்கள். ஒரு படத்துக்காகப் பல பத்தாண்டு உழைப்பு. அரசுப் பணமும் பொதுவானொலியும் அதற்குத் துணை நின்றன. அந்த நாட்டு மக்கள் அதை வீண் செலவு என்று நினைக்கவில்லை.

நம் நாட்டுப் படங்களுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் லண்டன் வழியாக. ஹிமான்ஷு ராய் தயாரித்து ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ 1929-ல் வந்தது. மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவிய கதை. ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் யானைகளையும் வைத்து எடுத்தார்கள். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதை மீட்டது. இந்திய விடுதலையின் அறுபதாம் ஆண்டான 2007-ல், ஆகஸ்ட் 30 அன்று, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிதின் சாஹ்னியின் இசையை லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, திறந்தவெளியில் இலவசமாகக் காட்டினார்கள். இதே ராயும் ஆஸ்டனும் 1928-ல் எடுத்த ‘ஷிராஸ்’ தாஜ்மகால் பிறந்த கற்பனைக் கதை. அதற்கு அனுஷ்கா சங்கர் புதிதாக இசையமைத்தார். 2017 அக்டோபரில் லண்டனில் அரங்கேற்றினார்கள். நவம்பரில் ஐதராபாத், கொல்கத்தா, தில்லி, மும்பை என்று இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

அந்தப் படம் பெருநகரங்களுக்கு மட்டும் வந்ததற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். சிதார், செல்லோ, மின்னணுக் கருவிகள் சகிதம் ஒரு குழுவைக் கூட்டிச் செல்வது லேசான காரியம் இல்லை. ஆனால் நேரடி இசையோடு ஊமைப்படம் பார்ப்பது என்றால் பெரிய அரங்கமும் விலை உயர்ந்த டிக்கெட்டும் என்றே நம் மனதில் பதிந்துபோனதை நான் மறுக்கிறேன். ஊமைப்படம் பிறந்தது சந்தையில், திருவிழாவில், கூடாரத்தில். மீட்ட படத்தை அரங்கத்தில் மட்டும் காட்டினால் மீட்பு பாதியில் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

கடற்கரை மக்களுக்கு இதெல்லாம் எட்டாத சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடற்கரையின் பழைய வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அதைத் தந்த அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் பரதவரோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். அச்சு வேலைக்குப் பரதவர் பணம் கொடுத்தார்கள். முத்துச் சிலாபத்தில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு அது. 1586-ல் ‘அடியார் வரலாறு’ வந்தது. புனிதர்களின் கதைகளைச் சொல்லும் பெரிய புத்தகம். அப்புறம் இந்தப் புத்தகங்கள் இங்கே மறைந்துபோயின. செல் அரித்ததோ, கடல் காற்று தின்றதோ, அவற்றின் படிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் மிஞ்சின.

தேடிப் போனவர் தனிநாயகம் அடிகள். இலங்கையில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகப் பணியாற்றி, 1948-ல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர். 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்து பழைய தமிழ் அச்சு நூல்களைக் கண்டுபிடித்தார். வத்திக்கான் நூலகத்தில் ‘அடியார் வரலாறு’ அவர் கண்ணில் பட்டது. 1967-ல் சேசுசபைத் தந்தை ச. இராசமாணிக்கம் அதைப் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. புன்னைக்காயல் பரதவர் கேட்ட தமிழ், 381 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கடற்கரையிலிருந்து மறுபடியும் அச்சாகி வந்தது. மீட்பு என்றால் இதுதான். கிடைத்த பொருளைக் குளிரூட்டிய அறையில் பூட்டி வைப்பது முதல் படி. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்கள் கையில் திரும்பக் கொடுப்பது அடுத்த படி. முத்துக்குளித்துறைக்காரர்கள் இரண்டாவது படியையும் ஏறிக் காட்டியிருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் இன்னும் ஏறவில்லை.

இனி இசை. ‘மார்த்தாண்ட வர்மா’வுக்கு யார் வாசிப்பது? நூறு பேர் கொண்ட சிம்பொனிக் குழு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் சந்தோஷம். இளையராஜாவின் சிம்பொனியை 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு வாசித்தபோது தமிழ்நாடே காது கொடுத்தது; பெரிய வாத்தியக் குழு நமக்கு அன்னியம் இல்லை. ஆனால் இந்தப் படத்துக்குத் தேவையான கலைஞர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. ஒப்பந்தம் பேசி, ஒத்திகையே இல்லாமல் நடிகர்கள் நேரே மேடையில் சந்தித்து ஆடும் நாடகம். அதற்கு வாசிப்பவர்கள் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்டுக்காரர். இந்த ஆல்ரவுண்டுக்காரரின் கலை தனி. பல தோல்கருவிகளையும் தாளக் கருவிகளையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்வார். மேடையில் ஒருவர் தடுமாறினால் அந்தக் கணத்தில் அதற்கொரு அடி விழும். பபூன் கண்ணடித்தால் அதற்கொரு சத்தம் வரும். வாள் வீசினாலும் கதவு தட்டினாலும் குதிரை ஓடினாலும் கண்ணால் பார்த்துக் கையால் பதில் சொல்வார். முன்பின் ஒத்திகை இல்லாமல், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை இதைச் செய்கிறவர்கள் அவர்கள். ஒரு ஊமைப்படத்துக்கு நேரடி இசை கொடுக்க உலகத்தில் இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அந்த நாடக மரபைக் கட்டிய சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். ஊமைப்படக் கூடாரத்துக்கு ஆர்மோனியம் போனது நாடகக் கொட்டகையிலிருந்து. கொட்டகையை நிரப்பியது அவருடைய பாடல்களும் அவர் பழக்கிய பையன்களும். இந்த மண்ணிலிருந்து போன இசையை இந்த மண்ணுக்கே கேட்கக் கொடுப்பதில் புதுமை எதுவும் இல்லை. பாக்கியைத் தீர்ப்பது அது.

கூடவே வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் வேண்டும். எழுத்து அட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அன்றைய கதை சொல்லியின் இடத்தை நிரப்ப, உடுக்கும் குடமும் வில்லுமாக உட்கார்ந்து, சரித்திரத்தைச் சொல்லிப் பழகிய குமரி, நெல்லைக் கலைஞர்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. படத்தில் ஆராட்டு ஊர்வலக் காட்சி ஒன்று இருக்கிறது. மன்னர் சித்திரைத் திருநாள் நடந்துபோன உண்மையான ஊர்வலத்தையே படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு நாகஸ்வரமும் தவிலும் வேண்டும். தேவாலயச் சப்பரத்துக்கு முன்னால் வாசிக்கும் நம் ஊர்ப் பேண்டுக் கலைஞர்களும் படைகள் வரும் காட்சிகளில் சேரலாம். இதற்கெல்லாம் ஒரு நல்ல இசையமைப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, காட்சிக்குக் காட்சி நேரம் குறித்து, எங்கே எழுதிய இசை, எங்கே மனோதர்மம் என்று வகுத்துக் கொடுக்க வேண்டும். ‘பேசும் படம்’ 1987-ல் வந்தபோது ஒரு வார்த்தைப் பேச்சில்லாத படத்தை எல். வைத்தியநாதனின் இசை தாங்கிப் பிடித்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

தொழில்நுட்பத்தில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஊமைப்படங்களைக் கையால் சுற்றி எடுத்தார்கள். நொடிக்கு 16 சட்டங்கள், 18 சட்டங்கள் என்று வேகம் மாறும். அதைப் பேசும்படத்தின் 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடுவதுபோலத் தெரியும். பழைய படம் என்றாலே சிரிப்புக்கு உரியது என்ற எண்ணம் நமக்கு வந்தது பெரும்பாலும் இந்தத் தவறால்தான். சரியான வேகத்தில் ஓட்டினால் அந்த நடிகர்கள் நம்மைப்போலவே நடக்கிறார்கள், நம்மைப்போலவே திரும்பிப் பார்க்கிறார்கள். மீட்பு வேலையின் முதல் நேர்மை இதில் இருக்கிறது.

ஏன் தருவைகுளம் என்ற கேள்விக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கும் ஊர். இழுவைமடிக்குப் போகாமல் வழிவலையை நம்பி, பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வலை விரித்துவிட்டு இரவெல்லாம் காத்திருக்கும் தொழில் அது. பிடிபட்டு இலங்கைச் சிறைக்குப் போய் வந்த குடும்பங்களின் வேதனையும் இந்த ஊருக்குத் தெரியும். செய்தித்தாளில் இந்த ஊரின் பெயர் வருவது பெரும்பாலும் கைது, அபராதம், படகு பறிமுதல் என்ற செய்திகளோடுதான். ஒரு கலை நிகழ்ச்சிக்காகவும் இந்தப் பெயர் ஒருமுறை அச்சில் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

நேரமும் தோதாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. மிக்கேல் அதிதூதர் கோவிலை ஒட்டியோ கடற்கரை மணலிலோ திரை கட்டலாம். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் அதிதூதர் திருவிழாவை ஒட்டிச் செய்யலாம். திறந்தவெளியில் வெண்திரை கட்டி, மணலில் பாய் விரித்துப் படம் பார்த்த தலைமுறை இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது.

உரிமைச் சிக்கல் வருமோ என்று தயங்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான். நாவலாசிரியர் இறந்தது 1922-ல். ஒருகாலத்தில் உரிமை வழக்கில் முடங்கிய படம் இன்று பொதுச் சொத்து. யாரும் திரையிடலாம், யாரும் அதற்கு இசையமைக்கலாம்.

பணம் பெரிய தடை இல்லை. மீட்டெடுப்பு என்ற தலைப்பில் மத்திய அரசு தேசியத் திரைப்பட மரபு இயக்கத்துக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை, மீட்ட படங்களை ஊர்களுக்குக் கொண்டுபோவதற்கு என்று கட்டாயமாக ஒதுக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம் நாடக இசைக் கலைஞர்களின் சம்பளத்தை ஏற்கலாம். கேரள அரசும் இதில் கைகோக்க வேண்டும்; இந்தப் படம் இரண்டு மாநிலங்களுக்கும் பொது. நாகர்கோவில்காரர் பணம் போட்டு, மலையாள நாவலை வைத்து, திருவனந்தபுரத்தில் வெளியிட்ட படம். சுந்தர்ராஜின் உறவினரான ஜே. சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ கேரளத்தின் முதல் கதைப்படம். அதில் நடித்த தலித் பெண் பி. கே. ரோஸியைத் திரையில் பார்க்கப் பொறுக்காமல் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் ஒரு சட்டம்கூட இன்று இல்லை. ரோஸியின் முகத்தை நாம் திரையில் பார்க்கவே முடியாது. டேனியல் 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில், உரிய அங்கீகாரம் கிடைக்காமலேயே இறந்தார். ‘மார்த்தாண்ட வர்மா’ மீட்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது.

பாதுகாப்பு அறையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2003 ஜனவரியில் புனேயில் தீப்பிடித்து, காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. பால்கேயின் படங்களுடைய மூலச் சுருள்களும் அதில் போயின. மாற்றுப் படிகள் எடுத்து வைத்திருந்ததால் அந்தப் படங்களை இன்று பார்க்க முடிகிறது. ஒரே இடத்தில் ஒரே படி என்ற நிலை எவ்வளவு ஆபத்து என்று தனிநாயகம் அடிகளின் தேடலும் காட்டியது, அந்தத் தீயும் காட்டியது. மக்கள் பார்த்த படத்துக்கு, மக்கள் மறுபடி கேட்கும் படத்துக்கு, அரசாங்கமும் காவல் நிற்கும். யாருமே பார்க்காத படம் பட்டியலில் ஒரு எண்ணாக மட்டும் இருக்கும்.

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கும், இரண்டு மாநில அரசுகளுக்கும், தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கும் என் கோரிக்கை இது. ‘மார்த்தாண்ட வர்மா’வை இன்றைய தரத்தில், சரியான வேகத்தில் டிஜிட்டல் படியாக்குங்கள். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களையும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களையும் ஒரு இசையமைப்பாளரோடு சேர்த்து உட்கார வையுங்கள். முதல் திரையிடலைத் தருவைகுளத்தில் வையுங்கள். அடுத்தது நாகர்கோவில், அதற்கடுத்தது திருவனந்தபுரம். நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து, இந்த முறை இசையையும் காப்பகத்தில் சேருங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிப்போன தியேட்டரின் அறையிலோ, பங்குக் கோவிலின் பழைய அலமாரியிலோ தகரப் பெட்டியில் படச்சுருள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். காரமான நெடி அடித்தாலோ, சுருள் பிசுபிசுத்து ஒட்டியிருந்தாலோ அது நைட்ரேட்டாக இருக்கலாம். அடுப்புக்கும் பீடிக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சுருளை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.